மனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

வேலை செய்ய மனம் வரட்டும் என்று காத்திருந்தால் வேலை நடக்காது. பெரும்பாலும் தொடங்கிய பிறகுதான் மனமே வரும். அதனால் தொடக்கத்தை எவ்வளவு சின்னதாக்கலாம் என்று பாருங்கள்.

நாள்கணக்கில் இழுபடும் விண்ணப்பம் ஒன்று இருக்கிறது என்று வைப்போம். “இந்தக் கிழமை நிரப்ப வேண்டும்” என்று நினைத்தால் அது அலுமாரியிலேயே கிடக்கும். “கந்தோர் முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு, சாப்பாட்டு மேசையில் இருந்து பெயரையும் முகவரியையும் மட்டும் எழுதுவேன்” என்று முடிவெடுங்கள். இப்படி நேரத்தோடும் இடத்தோடும் கட்டிவைத்த திட்டம் நிறைவேற வாய்ப்பு அதிகம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். காலையிலேயே படிவம், பேனை, அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். இதை விட்டுவிடாதீர்கள், பேனை தேடி எழும்புகிற இடத்தில்தான் பலருக்கு வேலை நின்றுபோகிறது.

பெரிய வேலை என்றால் 25 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள், பிறகு 5 நிமிடம் ஓய்வு. பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் உருவாக்கிய முறை இது. போன் அடுத்த அறையில் இருக்கட்டும், சாதாரண மணிக்கூடு போதும்.

அப்புறம், கொழும்புப் புழுக்கத்தில் மத்தியானத்துக்குப் பிறகு தலை ஓடாது. கணக்கு, எழுத்து வேலைகளை விடியவே முடித்துவிடுங்கள். வங்கி, தபால் கந்தோர், மருந்துக்கடை மூன்றையும் காலி வீதியில் (Galle Road) ஒரே நடையில் பார்த்துக்கொள்ளலாம்.