பாலத்துக்கு இங்கிட்டா, அங்கிட்டா? மதுரை ஏர்போர்ட்டிலிருந்து ராமேஸ்வரம் கடற்கரைக்கு வண்டி பேசும் விதம்

மதுரை ஏர்போர்ட்டில் இறங்கி ராமேஸ்வரம் பக்கம் கடலோர ரிசார்ட்டுக்குப் போக வேண்டும் என்று யார் போன் செய்தாலும், நான் முதலில் கேட்பது இதைத்தான்: "நீங்க தங்குற இடம் பாம்பன் பாலத்துக்கு இங்கிட்டா, அங்கிட்டா?" பல பேருக்குப் பதில் தெரியாது. ரிசார்ட் பெயரிலேயே ராமேஸ்வரம் இருக்கிறதே என்பார்கள். பெயரை நம்பி வண்டி பேசக் கூடாது.

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் எங்களுக்கு ஆபீஸ். வண்டி ஓட்டுவது என் தம்பியும் அவன் கூட்டாளிகளும். வாடகை பேசுவது, நேரம் குறிப்பது, டிரைவர் பத்திரமாகத் திரும்பினாரா என்று விசாரிப்பது எல்லாம் என் பொறுப்பு.

ராமநாதபுரம் தாண்டியதும் கடற்கரை விடுதிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். உச்சிப்புளிப் பக்கம் பிரிந்தால் அரியமான் கடற்கரை. அப்புறம் மண்டபம். இதெல்லாம் பாலத்துக்கு இந்தப்புறம். பாலம் ஏறி இறங்கினால் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம். கடைசியில் தனுஷ்கோடி. ஏர்போர்ட்டிலிருந்து மண்டபம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர், ராமேஸ்வரம் 170. நடுவில் இருக்கும் அந்த இருபது கிலோமீட்டரில்தான் தகராறு வரும். ஒரு குடும்பம் ராமேஸ்வரம் என்றே பேசி, கோயில் வாசல் வரைக்கும் போய்விட்டார்கள். விடுதி இருந்ததோ மண்டபத்தில். ராத்திரி நேரத்தில் பாலத்தைத் திரும்பக் கடந்து வந்து, கூடுதல் கிலோமீட்டருக்கு யார் காசு கொடுப்பது என்று வாசலில் நின்று பேச வேண்டியதாகிவிட்டது.

அதனால் ரிசார்ட்டுக்கு நேரடியாகப் போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் பஸ் நிறுத்தம் எது? மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? தார் ரோடு வாசல் வரைக்கும் வருகிறதா? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். கடலோரத்தில் கடைசிக் கொஞ்ச தூரம் வெறும் மணலாக இருக்கும் இடங்கள் உண்டு. சாமான் ஏற்றிய இன்னோவா அதில் இறங்கினால் பின்சக்கரம் அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் குழி தோண்டும். டிரைவர் இறங்கி டயருக்கு அடியில் பனமட்டையும் கால்மிதியும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் தள்ளினால்தான் வெளியே வரும். மணல் என்று தெரிந்தால், விடுதி ஆளையே மெயின் ரோட்டுக்கு ஜீப்போ ஆட்டோவோ எடுத்து வரச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் வாங்கினாலும் இந்த மூன்று பதிலையும் சேர்த்து டிரைவருக்கு அனுப்புங்கள்.

அடுத்தது நேரம். வாடகை எவ்வளவு என்பதை விட, எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ரிங் ரோட்டைப் பிடித்து, விரகனூரில் ராமேஸ்வரம் ரோட்டுக்குத் திரும்பினால் பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. வண்டி சுகமாக ஓடும். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரைக்குமான பகுதியை நான்கு வழியாக்க 2025 ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்த இருவழி ரோட்டில் ராத்திரியில் எதிரே வரும் மீன் லாரியின் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும். ரோட்டோரம் கருவேலங்காடு. ஆடு, மாடு எந்த நேரமும் குறுக்கே வரும். பகலில் மூன்று மணி நேரம், மூன்றரை மணி நேரம் ஆகும். ராத்திரியில் அதே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள்.

காலை விமானத்தில் வந்து இறங்கினால் யோசிக்கவே வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு ரிசார்ட்டில் இருக்கலாம், டிரைவரும் இருட்டுவதற்குள் மதுரை திரும்பிவிடுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இறங்குகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. உங்களைப் பத்து மணிக்கு இறக்கிவிட்டு அந்த மனுஷன் தனியாக, பசியோடு, தூக்கக் கலக்கத்தோடு அதே ரோட்டில் திரும்ப வேண்டும். என் தம்பி அப்படி வந்துகொண்டிருக்கும் ராத்திரிகளில் எங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. அதனால் சாயங்கால விமானக்காரர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: மதுரையில் ஒரு ராத்திரி தங்குங்கள், விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். இல்லை, இன்றைக்கே போயாக வேண்டும் என்றால் டிரைவர் அங்கே படுத்து எழுந்து காலையில் திரும்புகிற மாதிரி பேசுங்கள். டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று ரிசார்ட்டிலும் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் கொடுப்பார்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள்.

வண்டி உறுதியானதும் டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்பது தப்பே இல்லை: "அண்ணே, நேத்து ராத்திரி எங்கயும் ஓட்டுனீங்களா?" கொடைக்கானல் போய்விட்டு விடியற்காலைதான் வந்தேன் என்று சொன்னால், வேறு டிரைவரைக் கேளுங்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி வாடகை. டிராப் என்று பேசுவதும் நாள் வாடகைக்கு எடுப்பதும் வேறு வேறு. டிராப் என்றால் போகும் தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு. அதன் மேல் டிரைவர் பேட்டா, டோல். உதாரணத்துக்குக் கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்றால் 170 கிலோமீட்டருக்கு 2,550 ரூபாய் வரும். நாள் வாடகையில் நீங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு மினிமம் உண்டு. பெரும்பாலும் 250 என்பார்கள். மூன்று நாள் வண்டியை நிறுத்தி வைத்தால் 750 கிலோமீட்டருக்குக் காசு. ஆனால் போக வர 340, தனுஷ்கோடி எல்லாம் சுற்றினாலும் மொத்தம் 450 தாண்டாது. ரிசார்ட்டில் காலை நீட்டி உட்காரப் போகிறவர்களுக்கு வண்டி வெளியே சும்மா நிற்பதில் என்ன லாபம்? போகும்போது ஒரு டிராப், திரும்பும்போது ஒரு டிராப் பேசுங்கள். அங்கே சுற்றிப் பார்க்க உள்ளூர் ஆட்டோவும் டாக்சியும் கிடைக்கும். வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் மட்டும் வண்டியைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. அந்தச் செலவு வீண் இல்லை.

திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் டோல் இருக்கிறது. டோல் வாடகைக்குள் அடங்குமா, தனியா என்பதை முதலிலேயே வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பேட்டாவும் அப்படித்தான். பேட்டா டிரைவரின் சாப்பாட்டுக் காசு, அதை அவர் கையில் கொடுப்பதுதான் முறை.

டிராப் வாடகையில் வழியில் சுற்றிப் பார்ப்பது சேராது. சிலைமான் தாண்டியதும் கீழடி வருகிறது, 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் போக மனசு வராது. பார்ப்பதாக இருந்தால் வண்டி பேசும்போதே சொல்லுங்கள், காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு தொகை பேசிக்கொள்ளலாம். பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் மெயின் ரோட்டிலேயே இருக்கிறது, அதற்குப் பத்து இருபது நிமிடம் நிறுத்தச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

வண்டி மஞ்சள் போர்டு என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியைக் கொஞ்சம் குறைச்சலாக யாராவது பேசிவிடுவார்கள். வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். நான்கு பேர், இரண்டு பெரிய பெட்டி என்றால் டிசையர் போதும். ஆள் குறைவாக இருந்தாலும் சிங்கப்பூர், துபாய் பெட்டிகள் நாலைந்து இருந்தால் எர்டிகாவோ இன்னோவாவோ எடுத்துவிடுங்கள். கைட் சர்ஃபிங் (பெரிய பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்குவது) பண்ண வருகிறவர்களின் நீளமான பைகளை வைக்க வண்டிக்கு மேலே கேரியர் கண்டிப்பாக வேண்டும். கயிறும் தார்ப்பாயும் வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பாம்பன் காற்று சாதாரணக் காற்று இல்லை, சரியாகக் கட்டாத பை அதில் தங்காது.

விமானத்துக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் டிரைவர் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர் மூன்றும் உங்களுக்கு வந்திருக்க வேண்டும். வெளிநாட்டு சிம்மோடு வருகிறவர்கள் அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் நம்பரை டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். விமான நம்பரையும் கொடுத்தால் தாமதம் ஆனதை அவரே பார்த்துக்கொள்வார்.

வண்டிக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்கள் ஏர்போர்ட்டிலிருந்து ஆட்டோவிலோ டாக்சியிலோ மாட்டுத்தாவணி போய் ராமேஸ்வரம் பஸ் ஏறலாம். விரகனூரில் நின்று ஏறலாம் என்று சொல்வார்கள். கையில் பெட்டியோடு அது வேண்டாம், அங்கே வரும்போதே பஸ் நிரம்பியிருக்கும். மண்டபத்தில் இறங்குகிறவர்கள் டிக்கெட் வாங்கும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். மதுரை ஜங்ஷனிலிருந்து ராமேஸ்வரத்துக்கு பாசஞ்சர் ரயிலும் உண்டு. 2022 டிசம்பரில் மண்டபத்தோடு நின்றுபோன ரயில், 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்த பிறகு மறுபடியும் கடல் தாண்டிப் போகிறது. அவசரம் இல்லாதவர்களுக்கு அதுதான் அழகான வழி.

ரோட்டில் போகும்போது சாப்பாட்டையும் பாத்ரூமையும் ராமநாதபுரத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். பெண்கள் கூட வந்தால் இதைக் கட்டாயம் திட்டமிட வேண்டும், அதற்கு மேல் நல்ல இடம் தேடித்தான் நிறுத்த வேண்டியிருக்கும். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் மேல் நிறுத்தச் சொல்லி டிரைவரை வற்புறுத்த வேண்டாம். எல்லோரும்தான் நிறுத்துகிறார்கள் என்பீர்கள். பின்னால் பஸ் வந்து நின்று, போலீஸ் வந்தால் அபராதம் டிரைவர் தலையில்தான் விழும். மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடல் தெரியும்.

தனுஷ்கோடிக்கு அன்றைக்கே போக நினைக்காதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கம் விட மாட்டார்கள். கடல் சீறும் நாளில் பகலிலும் மறித்துவிடுவார்கள். மறுநாள் காலை போனால் ரோடு முடியும் அரிச்சல்முனை வரைக்கும் நிதானமாகப் பார்க்கலாம்.

சில தேதிகளைத் தவிர்ப்பது நல்லது. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் ராமேஸ்வரமே திணறும். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அந்த நாட்களில் மாவட்டம் முழுக்கச் சோதனை இருக்கும், பாதையை மாற்றி விடுவார்கள், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் வரும். அப்போது விமானம் பிடிக்க வேண்டியவர்கள் முந்தின நாளே மதுரைக்கு வந்துவிடுங்கள்.

மற்ற நாட்களில் திரும்புவதற்குப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். மதியம் இரண்டு மணி உள்நாட்டு விமானம் என்றால் பன்னிரண்டுக்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். ரோட்டுக்கு நான்கு மணி நேரம் விட்டால், ராமேஸ்வரத்தில் எட்டு மணிக்கு வண்டி நகர வேண்டும். மதுரையிலிருந்து காலி வண்டியை விடியற்காலையில் வரவழைக்காமல், ராமேஸ்வரம் வண்டியையே பேசுங்கள். அந்த டிரைவர் ராத்திரி தன் வீட்டில் தூங்கி எழுந்து வருவார். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் அவருக்கு ஒரு போன் போட்டு நேரத்தை உறுதி செய்யுங்கள். அதற்கு மேல் போட்டு அவர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.