மேய்ச்சல் உரிமை மனு: பர்கூர் பக்கம் திரும்பத் திரும்ப நடக்கற தப்புங்க

போன மாசம் அந்தியூர் டீக்கடையில ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை மேல இருந்து வந்த மூணு பசங்க, காட்டுல மாடு மேய்க்கற உரிமை கேட்டு எழுதுன ஒரு மனுவ நீட்டி "அண்ணா, சித்த பாத்துக் குடுங்ணா"ன்னாங்க. முதல் பாராவப் படிச்சதுமே எனக்கு வயித்தக் கலக்கிருச்சுங்க, ஏன்னா பன்னெண்டு வருசத்துக்கு முன்ன நான் எழுதி ஒரு ஊரையே அலைய விட்ட அதே வரி. கையெழுத்து விட்டுப்போச்சு, ஜெராக்ஸ் தெளிவா இல்லைங்கற தப்பெல்லாம் ஆபீஸ்லயே சொல்லி அனுப்பிருவாங்க, அத விட்டுர்றேன்.

பர்மிட்ட பேர் மாத்திக் கேக்கறது

அந்த வரி இதுதான்: "எங்க அப்பாரு பேர்ல இருந்த மேய்ச்சல் பர்மிட்ட வாரிசு முறைல எங்க பேருக்கு மாத்திக் குடுக்கோணும்."

பாக்க நியாயமாத்தான் தெரியும். ஆனா பர்மிட்டுங்கறது 1882 வனச் சட்டத்து வழில வந்த அனுமதி, தலைக்கு இவ்வளவுன்னு கட்டணம் கட்டி வாங்குனது, குடுத்தவங்க நாளைக்கே நிறுத்தலாம். அத வாரிசுக்கு மாத்திக் கேட்டா "எங்களுக்கு உரிமைன்னு ஒண்ணும் இல்ல, நீங்க மனசு வெச்சாத்தான்"னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருது. 2006 வன உரிமைச் சட்டம் 3(1)(ஈ) என்ன சொல்லுதுன்னா மேய்ச்சல் சமூக உரிமை, ஒரே எடத்துல மேய்ச்சாலும் சரி எடம் மாத்தி மாத்தி மேய்ச்சாலும் சரி. புதுசா யாரும் குடுக்கறதில்லீங்க, ஏற்கனவே இருக்கறத அங்கீகரிக்கறது.

இந்த வித்தியாசம் இப்ப உசுருக்குச் சமானம். 2022 மார்ச்ல ஹைகோர்ட் காட்டுல மாடு மேய்க்கத் தடை போட்டுச்சு, அப்புறம் அது தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம்னு சுருங்குச்சு, அப்பாடான்னு இருந்தா 2024ல நம்ம பர்கூர் மலையே தந்தை பெரியார் சரணாலயம் ஆயிருச்சு. பர்மிட்டு வெச்சிருக்கறவனுக்கு அதோட கதவு சாத்திரும். ஆனா வன உரிமைச் சட்டத்துல வனநிலம்ங்கற வார்த்தைக்குள்ளயே சரணாலயமும் வருது, அதனால சமூக உரிமை சரணாலயம்னு அறிவிச்சதுனால மட்டும் போயிராது.

அன்னைக்கு நான் பண்ணுனது என்னன்னா, பத்தொம்போது மாட்டுப்பட்டிக்காரரு தகரப் பெட்டிக்குள்ள இருந்து எடுத்துக் குடுத்த பர்மிட்டு எல்லாத்தையும் வெச்சு பேர் பேரா லிஸ்ட் போட்டேன். ஒரு சீட்டு இன்னும் கண்ணுல நிக்குது, நாலா மடிச்சு மடிப்புல கிழிஞ்சு, ஊதா மையில "மாடு 30, கன்னு 8"ன்னு. ஒன்ற வருசம் கழிச்சு, அனுமதி குடுக்கறது துறையோட விருப்பம்னு ஒரே வரில திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்குள்ள ஊருக்குள்ள சண்டை வேற. லிஸ்ட்ல பேர் இருக்கறவன் மாட்ட வித்துப்போட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருக்கான், நெசமா பட்டி போட்டு மேய்க்கறவன் பேரு லிஸ்ட்ல இல்ல, கட்டிக் குடுத்த பொண்ணு எனக்கும் பங்கு இருக்குதான்னு கேக்குது. வாரிசுன்னு ஒரு வார்த்தையப் போட்டு சொத்துத் தகராறு ஆக்கி விட்டுட்டேன். அந்த ஆடில அந்தியூர் குருநாதசாமி தேர் மாட்டுச் சந்தைக்கு அந்த ஊர்ல இருந்து எறங்குன பர்கூர்ச் செம்மறை மாடுகள எண்ணிப் பாக்க எனக்கு மனசு வரலீங்க.

இப்ப எப்படி எழுதறதுன்னா: இந்தக் கிராம சபையோட மாடுங்க, இந்த ஓடைல இருந்து அந்தக் கரடு வரைக்கும், இந்த மாசம் தொட்டு அந்த மாசம் வரைக்கும், தலைமுறை தலைமுறையா மேயுது, பட்டி போடற எடம் இது இது. கேக்கறது கிராம சபை. பழைய பர்மிட்டு அடியில ஆதாரமா மட்டும் நிக்கோணும். எந்தக் குடும்பம் எந்தப் பட்டியடிங்கற வழமைய சபைல பேசித் தீத்துக்கோங்க, மனுவுல ஏத்தாதீங்க.

ஏ ஃபாரம்

வன உரிமைச் சட்டத்துல ஏ ஃபாரம் தனி ஆளு உரிமை கேக்கறதுக்கு, அதுல எழுதாதீங்க. மேய்ச்சலுக்கு பி ஃபாரம்.

மனுதாரரே சாட்சி சொல்றது

பெரியவங்க வாக்குமூலத்த எழுதி வாங்குனா ஆதாரமா எடுத்துக்குவாங்க, ஆனா மனு போட்டவங்க அல்லாத பெரியவரா இருக்கோணும்னு விதில இருக்குது. ஒரே ஆதாரமும் பத்தாது. பழங்குடி அல்லாதவங்கன்னா 2005 டிசம்பர் 13க்கு முன்ன 75 வருசம் அங்க இருந்து காட்ட நம்பிப் பொழச்சதக் காட்டோணும், அதுக்குப் பட்டிக்கல்லு, கெணறு, சாமி எடம், சுடுகாடு எல்லாத்தையும் போட்டோ புடிச்சு மேப்ல குறிங்க.

பொம்பளைங்க இல்லாத தீர்மானம்

நிக்காது. சபைல பாதிப் பேர் வரோணும், அதுல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க.

கீழ சமவெளில இருக்கற மேய்க்கால் பொறம்போக்கோட (ஊர்ப் பொது மேய்ச்சல் நெலம்) கொழப்பறது

காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆளுங்க இந்த மனுவக் காப்பி அடிக்கறாங்க, வேண்டாம். கிளுவ வேலி போட்டு மேய்ச்சலுக்கு விடற கொறங்காடு பட்டா நெலம், உங்க சொத்து, அதுக்கு இது தேவையே இல்ல. ஊர் மேய்க்கால் பொறம்போக்கு 1994 ஊராட்சிச் சட்டம் 134ஆம் பிரிவுப்படி ஊராட்சி கைல இருக்கு. அங்க போயி "எங்க பரம்பர அனுபவம்"னு எழுதுனா ஆக்கிரமிப்பு பண்ணிருக்கோம்னு ஒத்துக்கிட்ட கணக்கு, 2011ல சுப்ரீம் கோர்ட்டே ஊர்ப் பொதுநெல ஆக்கிரமிப்ப எடுக்கச் சொல்லியாச்சு.

அந்தப் பசங்க மனுவ அன்னைக்கே புதுசா எழுதிட்டோம். வாக்குமூலம் மட்டும் பாக்கி. பக்கத்து ஊர்ல ஒரு பெரியவரு இருக்காரு, இவங்க ஊர்ப் பட்டிங்க எங்கெங்க இருந்துச்சுன்னு வெரல் நீட்டிக் காட்ட இப்ப அவரு ஒருத்தருதான், வயசு எண்பத்தெட்டு. வர்ற ஞாயித்துக்கெழம மேல போறோம்.