நேரமுத்திரையில் துல்லியம் கூட்டும்போது செய்யும் தவறுகள்

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் நேரத்தை (அதுதான் நேரமுத்திரை) நொடி வரை மட்டும் அச்சிடும் ஒரு கட்டளைவரிக் கருவியில் யாராவது மில்லிசெகண்ட் கேட்பார்கள். நியாயமான கோரிக்கைதான். உடனே டிஃபால்ட் வடிவத்தையே மாற்றிவிடுகிறோமே, தவறு அங்கேதான் தொடங்குகிறது. 10:15:42 இருந்த இடத்தில் 10:15:42.318 வந்தால் படிக்கிற ஆளுக்குத் தொந்தரவில்லை. ஆனால் 'பத்தாவது எழுத்திலிருந்து செய்தி' என்று யாரோ எப்போதோ எழுதிவைத்த ஸ்கிரிப்ட் உடைந்துபோகும். லினக்ஸ் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கருவியில் 'ஷார்ட்' என்ற வடிவம் நொடியோடு நிற்கிறது. மைக்ரோசெகண்ட் வேண்டுமென்றால் 'ஷார்ட்-பிரிசைஸ்' என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சரி, புது விருப்பம் சேர்த்தாயிற்று. 'மில்லிசெகண்ட் வேண்டும்' என்று வெறும் ஸ்விட்சாக வைத்தால் நாளைக்கே மைக்ரோ கேட்பார்கள், அப்புறம் நானோ. தேதி, நேரம் காட்டும் குனு டேட் கட்டளையின் ஐஎஸ்ஓ-8601 விருப்பம் போல, எந்த அலகு வரை என்பதை மதிப்பாக வாங்குவதே நல்லது. பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. குனு பாணி நீண்ட விருப்பங்களைச் சுருக்கியும் எழுதலாம். புதுப் பெயரும் அதே எழுத்துகளில் தொடங்கினால், நேற்றுவரை ஓடிய சுருக்கம் இன்று 'குழப்பமானது' என்று பிழை தரும்.

மனிதர்களுக்கான வடிவத்தைவிட எண்ணாகத் தரும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். 1970-லிருந்து நொடிக் கணக்கு இன்று 10 இலக்கம், நானோவில் 19. ஜேசன் என்ற தரவு வடிவத்தில் பழைய புலத்தின் பெயரை வைத்துக்கொண்டு அலகை மட்டும் மாற்றினால் பிழைச் செய்தியே வராது. தவறான தேதிதான் வரும். போதாக்குறைக்கு, ஜாவாஸ்கிரிப்ட் எண்களில் 19 இலக்கம் முழுதாக நிற்பதில்லை, கடைசி இலக்கங்கள் பிசகும். புதுப் புலம் சேர்ப்பதுதான் வழி. நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிந்துவைக்கும் பிகேப் கோப்பில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்: நானோ துல்லியத்துக்குத் தொடக்க அடையாள எண்ணே வேறு. அதை அறியாத பழைய நிரல் நேரத்தைத் தப்பாகப் படிக்காமல், கோப்பையே மறுத்துவிடும்.

பின்னத்தின் கடைசிப் பூஜ்யங்களை அழகுக்காக நறுக்காதீர்கள். கோ நிரல்மொழியின் ஆர்எஃப்சி3339நானோ என்ற நேர வடிவம் அப்படித்தான் நறுக்கும். எழுத்துவரிசையில் அடுக்கினால் நேரவரிசை கலையலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. துல்லியத்தைக் குறைக்கும்போது, மாறாக, வெட்டிவிடுங்கள். வட்டமாக்கினால் 23:59:59.9996 மறுநாளுக்குப் போய்விடும்.