வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை: சறுக்கும் இடங்கள்

அக்கா மகள் கல்யாணத்துக்கு 150 பத்திரிகையை வீட்டிலேயே அடித்தோம். ஒரு இங்க்ஜெட் பிரிண்டர், பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கிய கெட்டி அட்டை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான் முதலீடு. முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைக்க எடுத்த அம்மா, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து நான்கு மூலையிலும் தொட்டு வைத்தார். கீழ் மூலையில் இருந்த மண்டபத்தின் பெயர் மஞ்சளோடு கரைந்து ஓடியது.

வீட்டு இங்க்ஜெட்டுகள் பலவற்றில் கலர் மை வெறும் சாயம்தான். ஈரம் பட்டால் கரையும். லேசர் பிரிண்டில் டோனர் பொடி சூட்டில் உருகித் தாளில் ஒட்டுகிறது, அது கரையாது. ஆகவே 150 அடிப்பதற்கு முன் ஒன்றை அடித்து, காயவிட்டு, மஞ்சள் தொட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மூலைகளை வெறுமையாக விடுங்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இங்க்ஜெட் மையை அது உறிஞ்சாது, விரல் பட்டாலே இழுக்கும்.

தாளும் மையும் போனால் மறுபடி வாங்கலாம். வாசகத்தில் விழும் தப்புதான் வீட்டு அச்சில் பெரிய ஆபத்து. அச்சகத்தில் ஆயிரம் பத்திரிகை பார்த்த ஒருவர் இருப்பார். "தாய்மாமன் பேரு எங்க சார்?" என்று அவரே கேட்பார். தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று காலண்டரைப் பார்ப்பார். வீட்டில் அந்த வேலைக்கு யாரும் இல்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்கார வைத்து, ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்கட்டும். திரையில் பார்த்து "ஓகே" சொல்வதை நம்பாதீர்கள். வாட்ஸப்பில் பெரியப்பா கட்டைவிரல் காட்டினார் என்றால் படித்தார் என்று அர்த்தமில்லை.

குறிப்பாக அதிகாலை முகூர்த்தம். பஞ்சாங்கத்தில் ஒரு நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. திங்கள் விடியற்காலை 4.30 மணி முகூர்த்தம், ஜோசியர் கணக்கில் ஞாயிற்றுக்கிழமையைச் சேர்ந்தது. அவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே பார்த்து "ஞாயிறு அதிகாலை 4.30" என்று போட்டால், பாதி சனம் ஒரு நாள் முன்னதாகப் பூட்டிய மண்டபத்தின் வாசலில் நிற்கும். "ஞாயிறு இரவு, விடிந்தால் திங்கள், காலை 4.30 முதல் 6.00 வரை" என்று போட்டு, ஆங்கிலத் தேதியைத் திங்களுக்கு உரியதாக எழுதுங்கள்.

அடுத்து 'திருவளர்ச்செல்வன்'. வீட்டில் இன்னும் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தால் திருவளர், அதுதான் கடைசிக் கல்யாணம் என்றால் திருநிறை என்பது பல குடும்பங்களில் வழக்கம். இரண்டிலும் நடுவில் 'ச்' வேண்டாம். வளர், நிறை இரண்டும் வினைத்தொகை. அங்கே ஒற்று மிகாது. திருவளர்செல்வன், திருநிறைசெல்வி. 'பத்திரிக்கை'யும் 'பத்திரிகை'தான். ஊரே தப்பாக எழுதுகிறதே என்றால், எழுதட்டும். உங்கள் வீட்டுப் பத்திரிகையில் தமிழ் வாத்தியார் மாமா ஒருவர் எப்படியும் கண்டுபிடிப்பார்.

எழுத்துருவும் காலை வாரும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகிறீர்கள். அங்கே பாமினி இல்லையென்றால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். யூனிகோடில் அடித்தாலும் சில பழைய டிசைன் மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். பிடிஎஃப் ஆக்கி, வேறொரு போனில் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.

மண்டபத்துக்கு வழி காட்டும் க்யூஆர் கோடைத் தங்க நிறத்தில் அடிக்க ஆசை வரும். கேமரா படிக்கத் திணறும். வெள்ளையில் கறுப்பே போதும்.

தபாலில் அனுப்புகிறவர்கள் எடையைப் பாருங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஏ4 அட்டை ஒன்றே கிட்டத்தட்ட 18.7 கிராம். சாதாரணக் கடிதத்துக்கு முதல் எடை வரம்பு 20 கிராம். கவரையும் சேர்த்தால் தாண்டிவிடும், கூடுதல் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். அந்தக் கனத்தில் அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடிப்பு விட்டு வெள்ளை தெரியும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள்.

மணமக்கள் பெயரைச் செல்லப் பெயராகப் போடும் ஆசையையும் அடக்குங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு அலுவலகத்தில் பத்திரிகை கேட்பார்கள். ஆதாரில் இருப்பதுபோலவே இனிஷியலோடு பெயர் இருந்தால் வம்பில்லை.

நாங்கள் பதிவுக்குப் போன அன்று கையில் ஒரு பத்திரிகைகூட மிச்சமில்லை. சாமி படத்துக்குப் பின்னால் மண்டபத்தின் பெயர் கரைந்த அந்த முதல் பத்திரிகைதான் இருந்தது. திரும்பி வந்து புதிதாக ஒன்று அடித்து எடுத்துக்கொண்டு போனோம். வீட்டிலேயே அடிப்பதில் அந்த ஒரு சௌகரியம் உண்டு.