நண்பர்கள் ஃபேன்டஸி பேஸ்பால் லீக்: பென்னன்ட் கைநழுவ வைக்கும் தவறுகள்

ஃபேன்டஸி பேஸ்பால் என்பது, அமெரிக்க மேஜர் லீக் ஆட்டக்காரர்களை எடுத்துக் கற்பனை அணி அமைத்து, நிஜ ஆட்டங்களில் அவர்கள் சேர்க்கும் கணக்கை வைத்து மோதும் விளையாட்டு. பிரிவுவாரியாக இடம் பார்த்துப் புள்ளி தருவது ரோட்டிசரி முறை. பன்னிரண்டு நண்பர்கள் ஆடும் ரோட்டிசரி லீக்கில் ஒரு அணி எட்டக்கூடிய உச்சம் 120 புள்ளி. மொத்தம் பத்துப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு 12, கடைசி இடத்துக்கு 1. பேட்டிங்கில் சராசரி (பேட்டிங் வாய்ப்புகளில் ஹிட்டின் பங்கு; ஹிட் என்றால் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது), ரன், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்கு வந்த ரன்கள்), ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). பிட்சிங்கில் வெற்றி, சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது), ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன்; ஃபீல்டர் பிழையால் வந்தவை சேராது), விப் (ஓர் இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ஹிட்டும் வாக்கும்; வாக் என்றால் நான்கு தவறான பந்தால் பேட்டர் இலவசமாக முதல் பேஸ் பெறுவது). 1980-இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் இதைத் தொடங்கியபோது எட்டுப் பிரிவுகள்தான் இருந்தன. ரன்னும் ஸ்ட்ரைக்அவுட்டும் பிறகு சேர்ந்தவை. அடுத்த அணியைவிட ஒரு ஹோம் ரன் கூடுதலாக அடித்தாலும் 12 புள்ளி, எண்பது கூடுதலாக அடித்தாலும் அதே 12 புள்ளி. செப்டம்பரில் பென்னன்ட்டை, அதாவது லீக்கின் முதலிடத்தை, இழக்கும் அணிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கை வழியில் எங்கோ மறந்த அணிகள்.

டிராஃப்டுக்கு முன்பே தொடங்கும் கோளாறுகள்

விதிகளை எழுதி வைக்காமல் டிராஃப்டில், அதாவது ஆட்டக்காரர்களைப் பிரித்தெடுக்கும் ஏலத்தில், உட்காருவது முதல் தவறு. "நாமெல்லாம் நண்பர்கள்தானே, அப்போதைக்கு அப்போது பேசிக்கொள்ளலாம்" என்பது ஜூலை வரை செல்லும். முதலிடத்துக்கு இருவர் மோதும்போது செல்லாது. குறைந்தது நான்கு விஷயங்களை முன்கூட்டி முடிவு செய்யுங்கள். ஒரு ஆட்டக்காரர் களத்தில் ஓர் இடத்துக்குத் தகுதி பெற எத்தனை ஆட்டம் வேண்டும்? ஐந்து, பத்து, இருபது என்று லீக்கை நடத்தும் இணையதளத்துக்கு இணையதளம் மாறும். பேட்டிங், பிட்சிங் இரண்டும் செய்யும் ஒஹ்தானி ஒரே ஆட்டக்காரரா, அல்லது பேட்டர் ஒருவர், பிட்சர் ஒருவர் என இரண்டா? சமநிலை வந்தால் யார் வெற்றியாளர்? டிரேடை (இரு அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதை) ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு?

தேதியையும் பாருங்கள். 2024-இல் மேஜர் லீக் அணிகளான டாட்ஜர்ஸும் பாட்ரேஸும் மார்ச் 20-ஆம் தேதியே சியோலில் சீசனைத் தொடங்கிவிட்டன. 2025-இல் டாட்ஜர்ஸும் கப்ஸும் மார்ச் 18, 19 தேதிகளில் டோக்கியோவில் ஆடின. மார்ச் கடைசி வாரத்தில் டிராஃப்ட் வைப்பவர்கள், அதற்குமுன் நடந்த ஆட்டங்களின் கணக்கு சேருமா சேராதா என்பதைச் சொல்லிவிட்டே ஏலத்தைத் திறக்க வேண்டும்.

260 டாலரைக் கையாள்வது

வழக்கமான ஏலத்தில் 23 ஆட்டக்காரர்களுக்கு 260 டாலர். அதில் 14 பேட்டர்கள், 9 பிட்சர்கள். பழக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 180 டாலரை பேட்டிங்குக்கும் 80 டாலரை பிட்சிங்குக்கும் ஒதுக்குவார்கள். பிட்சர்களின் தோளும் முழங்கையும் நம்பகமில்லாதவை என்பதே காரணம். முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவைக்குப் போனவர் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும்.

ஏலத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, தன்னால் அதிகபட்சம் எவ்வளவு கேட்க முடியும் என்ற எண்ணைக் கையில் வைத்திருக்காதது. கணக்கு எளிது: மீதிப் பணத்திலிருந்து, மீதி இடங்களில் ஒன்று குறைத்துக் கழிக்க வேண்டும். 38 டாலர் இருக்கிறது, 9 இடம் பாக்கி என்றால் 38-இல் 8 போக 30 டாலர். உங்கள் எண்ணோடு மற்ற பதினோரு பேருடைய எண்ணையும் எழுதி வாருங்கள். எதிரில் யாரும் 19 டாலருக்கு மேல் போக முடியாது என்று தெரிந்தால் 20-இல் நின்று வாங்கலாம். பணத்தை மிச்சம் வைத்து ஏலத்தை முடிப்பது வீண். அது சீசனுக்குள் கூட வராது.

பழைய விலைப்பட்டியலை நம்புவதும் ஆபத்து. 2023-இல் பந்து வீச நேர வரம்பு வைக்கும் பிட்ச் கடிகாரம் வந்தது, பேஸ்களின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, ரன்னரைப் பிடிக்கப் பிட்சர் பந்தைத் திருப்பி எறிவதற்கும் வரம்பு வந்தது. இவற்றால் ஸ்டீல் எளிதானது. 2022-இல் மேஜர் லீக் முழுவதும் 2,486 ஸ்டீல். அடுத்த ஆண்டு 3,503. முன்பு 25 ஸ்டீல் செய்பவருக்குக் கொடுத்த விலையை இன்றும் கொடுத்தால், நடுத்தர இடத்துக்கு முதலிட விலை கொடுத்ததாக ஆகும்.

ஏப்ரல் பதற்றம்

இங்கேதான் அதிகப் புள்ளிகள் தொலைகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் ஒரே ஆட்டத்துக்கு அணி எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு மோசமான நாள் பெரிதாகத் தெரியும். 162 ஆட்டம், சுமார் 26 வாரம் ஓடும் சீசனில் அதன் எடை வேறு. உங்கள் அணி 100 இன்னிங்ஸ் வீசி 3.80 ஈ.ஆர்.ஏ.வில் இருக்கிறது, ஒரு பிட்சர் 2 இன்னிங்ஸில் 8 ரன் கொடுத்துவிடுகிறார். ஈ.ஆர்.ஏ. 4.43-க்குத் தாவும், பட்டியலில் நான்கைந்து இடம் சரியும். அதே 8 ரன் 1,200 இன்னிங்ஸுக்குப் பிறகு வந்தால் 3.85 மட்டுமே. ஏப்ரலில் கண்ணில் படும் சரிவில் பெரும்பகுதி, வகுக்கும் எண் சிறியதாக இருப்பதால் வருவது. அதைப் பார்த்து நல்ல பிட்சரை விடுவித்தால், அடுத்த நாளே நண்பர் ஒருவர் எடுத்துக்கொள்வார்.

விடுவதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்க வேறு மூன்றைப் பாருங்கள்: பந்தின் வேகம் சென்ற ஆண்டைவிட மணிக்கு இரண்டு மைல் குறைந்திருக்கிறதா, ஸ்ட்ரைக்அவுட் குறைந்து வாக் கூடியிருக்கிறதா, அடிபட்ட பகுதியைப் பற்றிப் பேச்சு இருக்கிறதா. மூன்றும் இல்லையென்றால் பெஞ்சில் உட்கார வைத்துப் பொறுத்திருங்கள். பேட்டருக்கும் அப்படியே. ஹோம் ரன் நீங்கலாக, களத்துக்குள் விழும் பந்துகளில் சுமார் 30 சதவீதம் ஹிட் ஆவது லீக் வழக்கம். ஒருவருக்கு மூன்று வாரமாக 20 சதவீதமே விழுகிறது, ஸ்ட்ரைக்அவுட் மட்டும் கூடவில்லை என்றால் அது பெரும்பாலும் சரியாகிவிடும்.

சராசரிக்காக ஒருவரைத் துரத்துவதும் இதே வகைப் பிழை. 550 அட்-பேட்டில் (பேட்டிங் வாய்ப்பில்) 0.300 அடிப்பவர், 0.260 அடிப்பவரைவிட 22 ஹிட் மட்டுமே அதிகம் தருகிறார். 7,000 அட்-பேட் கொண்ட அணியில் அது 0.260-ஐ 0.263 ஆக்கும். அந்த 0.003-க்காக 25 ஹோம் ரன்னைக் கொடுப்பது பெரும்பாலான லீக்குகளில் நஷ்டம்.

சீசனுக்குள் ஆட்டக்காரர்களை எடுக்க 100 டாலர் கொடுக்கும் லீக்குகளில், பணத்தைப் பத்திரப்படுத்துபவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். ஏப்ரலில் எடுத்தவர் ஐந்து மாதம் உழைப்பார். மேஜர் லீக்கின் இரு பாதிகளில் அமெரிக்கன் லீக் மட்டும் அல்லது நேஷனல் லீக் மட்டும் வைத்து ஆடுபவர்களுக்கு ஜூலை இறுதியில், நிஜ அணிகளின் டிரேடுகளால், மறு லீக்கிலிருந்து நட்சத்திரங்கள் வரக்கூடும். அவர்கள் சேமிப்பதில் பொருள் உண்டு. இரண்டையும் கலந்து ஆடும் லீக்கில் அப்படி யாரும் புதிதாக வரப்போவதில்லை.

ஜூலையில் பார்க்க வேண்டியது இடைவெளி

மொத்தப் புள்ளிப்பட்டியலை மட்டும் பார்த்து டிரேட் செய்யாதீர்கள். பத்துப் பிரிவிலும் உங்களுக்கு மேலும் கீழும் இருப்பவர் எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். ஹோம் ரன்னில் முதலிடம், அடுத்தவர் 35 பின்னால். ஸ்டீலில் எட்டாம் இடம், ஆனால் மேலே உள்ள மூவரும் 7-க்குள். இந்த நிலையில் இன்னொரு ஹோம் ரன்காரரால் ஒரு புள்ளியும் கூடாது. அவரைக் கொடுத்து 12 ஸ்டீல் தரக்கூடியவரை வாங்கினால் மூன்று புள்ளி வரலாம். அவரை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம்: உங்களோடு முதலிடத்துக்கு மோதுபவரை ஹோம் ரன்னில் தாண்டக்கூடிய நண்பருக்குக் கொடுத்தால், எதிரிக்கு ஒரு புள்ளி குறையும்.

கடைசி இன்னிங்ஸை வீசிச் சேவ் தரும் குளோசர்களை மேஜர் லீக்கின் டிரேட் கெடுவுக்கு முன் கவனியுங்கள். தோற்கும் அணியின் நல்ல குளோசரை வெல்லும் அணி வாங்கும். அங்கே ஏற்கெனவே ஒருவர் இருப்பதால் இவர் எட்டாவது இன்னிங்ஸுக்குப் போய்விடுவார். உங்கள் சேவ் அன்றோடு நிற்கும். கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே அவரைக் கைமாற்றுங்கள், அல்லது அவருக்கு அடுத்து வீசுபவரையும் எடுத்து வையுங்கள்.

டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு மைதானம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரம்; லேசான காற்றில் பந்து தூரம் பறக்கும். அங்கே ஆடும் வாரத்தில் சுமாரான பேட்டரை இறக்குங்கள், சுமாரான பிட்சரை நிறுத்துங்கள்.

இன்னிங்ஸ் வரம்பு

பிட்சர்கள் சீசன் முழுவதும் வீசுவதற்கு 1,400 இன்னிங்ஸ் வரம்பு உள்ள லீக்கில் வாரத்துக்கு சுமார் 54 இன்னிங்ஸ்தான் சரியான வேகம். ஆகஸ்ட் கடைசியிலேயே தீர்த்துவிட்டால் வெற்றியும் ஸ்ட்ரைக்அவுட்டும் அப்படியே உறைந்துவிடும். 100 இன்னிங்ஸை மிச்சம் வைத்தால் நூறு ஸ்ட்ரைக்அவுட் வரை போச்சு. வரம்பைத் தாண்டும் நாளில் வீசியது முழுவதையும் சில இணையதளங்கள் கணக்கில் சேர்க்கும். உங்கள் தளம் அப்படியென்றால் 1,399-இல் நின்று, ஒரே நாளில் நான்கைந்து பேரை இறக்கலாம்.

கைவிடப்பட்ட அணிகளும் வாக்கெடுப்பும்

ஆகஸ்டில் கடைசி இடத்து நண்பர் அணியைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். வாரம்தோறும் நேருக்கு நேர் மோதும் லீக்கில், அந்த வாரம் அவரோடு மோதுபவருக்கு இலவச வெற்றி. பென்னன்ட் பந்தயமே கோணலாகும். பரிசு கிடைக்காத அணிகளில் முன்னால் முடிப்பவருக்கு அடுத்த ஆண்டு டிராஃப்டில் முதல் வாய்ப்பு என்று வைத்தால் கடைசிவரை ஆடுவார்கள்.

டிரேடை வாக்கெடுப்பால் ரத்து செய்யும் முறையை விட்டுவிடுங்கள். தனக்குப் பாதகமான டிரேடுக்கு எவரும் எதிராகத்தான் கை தூக்குவார். இருவர் கூட்டுச்சதி செய்ததாகத் தெரிந்தால் மட்டும் லீக்கை நடத்தும் கமிஷனர் தலையிடட்டும்; ஒருவர் ஏமாந்துவிட்டார் என்பது தலையிடக் காரணமாகாது.

நேருக்கு நேர் லீக்கின் இறுதிப்போட்டியை மேஜர் லீக் சீசனின் கடைசி வாரத்தில் வைக்காதீர்கள். பிளேஆஃப் இடத்தை உறுதி செய்த அணிகள் தங்கள் முன்னணி பிட்சர்களை அப்போது ஓய்வில் வைக்கும்.

கடைசி ஞாயிறு

1,300 இன்னிங்ஸில் 3.72 ஈ.ஆர்.ஏ.வுக்கும் 3.74-க்கும் உள்ள வித்தியாசம் மூன்றே ரன். முன்னிலை உங்களுடையது, ஸ்ட்ரைக்அவுட்டிலும் வெற்றியிலும் இனி இடம் மாறாது என்றால், பிட்சர்கள் அத்தனை பேரையும் பெஞ்சில் வையுங்கள். குறைந்தபட்ச இன்னிங்ஸ் விதியை மட்டும் முதலில் நிறைவு செய்யுங்கள். கடைசி நாள் ஆட்டங்கள் எல்லாம் கிழக்கு நேரப்படி பிற்பகல் 3 மணியை ஒட்டித் தொடங்குவது வழக்கம். ஒன்றின் முடிவைப் பார்த்து இன்னொன்றுக்கு அணியை மாற்றும் வாய்ப்பு இருக்காது. ஹிட் எனப் பதிவானது பின்னர் ஃபீல்டரின் பிழை எனத் திருத்தப்படுவதும் உண்டு. அதில் ஓர் ஈ.ஆர்.ஏ. இடம் மாறலாம். எனவே பரிசுப் பணத்தைப் பிரிப்பதற்கு முன் சில நாள் விடுங்கள், எத்தனை நாள் என்பதையும் மார்ச்சிலேயே விதியில் எழுதிவிடுங்கள்.