நீலக்கல் நிறம் மாறுகிறதா என்று பார்க்க ஒரு மெழுகுவத்தி போதும்

நிறம் மாறும் நீலக்கல் மோதிரத்தைக் கடை விளக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், அப்புறம் மெழுகுவத்தி அல்லது பழைய மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில். ஊட்டி, குன்னூர்ப் பக்கம் மேகம் மூடிய பகல் இதற்கு ரொம்பவே நல்லது. மெழுகுவத்திக்கும் இங்கே பஞ்சமில்லை, கரண்ட் அடிக்கடி போகிற ஊர்தானே!

கல்லில் இருக்கும் வனேடியம் அல்லது குரோமியம் என்ற உலோகம் மஞ்சள் ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தையும் சிவப்பையும் வெளியே விடுகிறது. பகல் ஒளியில் நீலம் அதிகம், அதனால் கல் நீலமாகத் தெரியும். சுடரில் சிவப்பு அதிகம், அதே கல் ஊதாவாகிவிடும். செல்போன் டார்ச் வேண்டாம். அந்த வெள்ளை எல்இடியில் சிவப்பு குறைவு.

ஆனால் நிறம் எவ்வளவு மாறுகிறது என்பது மட்டும்தான் இதில் தெரியும். வனேடியம் சேர்த்துச் செயற்கையாக வளர்த்த கல்லும் இதேபோல் மாறும், அலெக்சாண்ட்ரைட் (நிறம் மாறும் வேறொரு அரிய கல்) என்று மலிவாக விற்பதில் பல அதுதான். இயற்கைக் கல்லா என்பதற்கு ரத்தினப் பரிசோதனைக்கூடச் சான்றிதழைக் கேளுங்கள்.