கம்பிலிருந்து தொடங்கும் சூழல் பாடம்

வெள்ளகோவில் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். சூழல் பாடம் என்றாலே பிளாஸ்டிக் ஒழிப்புக்குச் சுவரொட்டி வரைவது என்றாகிவிட்டது. அதைத் தாண்டி நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு இது.

முதல் வகுப்புக்குப் புத்தகம் வேண்டாம். கம்பு, சோளம், ராகி, தட்டைப்பயறு என ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கொண்டுபோங்கள். "இதெல்லாம் எந்த ஊருப் பயிர்?" என்று கேளுங்கள். நம்ம ஊருதான் என்பார்கள். அப்புறம் ஆப்பிரிக்க வரைபடத்தை விரியுங்கள். கம்பு மேற்கு ஆப்பிரிக்காவில் சகாரா ஓரம், சோளம் சூடான் பக்கம், ராகி எத்தியோப்பிய, உகாண்டா மேட்டுநிலம். காட்டுப்புல்லாகக் கிடந்ததைப் பொறுக்கி விதைத்துப் பயிராக்கியவர்கள் அந்த மண்ணின் உழவர்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அவை இங்கே வந்து சேர்ந்துவிட்டன. ஆப்பிரிக்கா என்றால் பஞ்சப் படம் மட்டுமே பார்த்த பிள்ளை, தான் உண்ணும் களிக்கு அங்கே ஒரு பாட்டன் உண்டு என்று தெரிந்துகொள்ளட்டும். இந்த வகுப்பை அவசரமாக முடிக்காதீர்கள்.

அடுத்த வகுப்பை மேய்ச்சல் நிலமான கொறங்காட்டிலேயே வையுங்கள். கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி: மழை குறைந்த நிலத்தில் மாடும் ஆடும் பிழைக்க நம் முன்னோர் கண்ட ஏற்பாடு. பாடம் சொல்ல நிலத்துக்காரரை மட்டும் கூப்பிட்டால் பாதிதான் கிடைக்கும். மாடு மேய்க்கிறவர், வேலி அடைக்கிற கூலியாள், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற அம்மிச்சி, எல்லாரையும் அழைத்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். நீங்கள் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். எந்தப் புல் முதலில் காயும், காட்டை எப்போது ஆறப்போடுவார்கள் என்று பிள்ளைகளே கேட்கட்டும். புத்தகத்திலும் படித்தவரிடமும் மட்டுமே அறிவு உண்டு என்று நினைக்கவைக்கும் பள்ளியைத் தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே 1967-இலேயே கண்டித்தார்.

வங்காரி மாத்தாயின் கதையை இங்கே சொல்லலாம். கென்யாவில் சிறுமியாக இருந்தபோது, அத்தி மரத்திலிருந்து விறகு எடுக்காதே என்று அம்மா சொல்லியிருந்தார். அவர் பிறந்த கிகுயு இன மக்களுக்கு அது சாமி மரம். பின்னாளில் அதை வெட்டித் தேயிலை நட்டார்கள், பக்கத்து ஓடையும் வற்றிப்போனது. 1977-இல் அவர் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில் கிராமத்துப் பெண்களே நாற்று வளர்த்து மரம் நட்டார்கள். 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் ஊர்க் கோயில் மரத்துக்கு என்ன கட்டுப்பாடு என்று விசாரிக்கச் சொல்லுங்கள். ஆனால் பழசெல்லாம் நல்லது என்று முடித்துவிடாதீர்கள். யாரைக் கிணற்றில் தண்ணீர் சேந்த விடவில்லை என்பதும் அதே பழசுதான், அதையும் பேசுங்கள்.

கடைசியாகக் கைவேலை. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் யாகூபா சவடோகோ என்ற உழவர் மெருகேற்றிய 'சாய்' குழிமுறை நம் இறுகிய செம்மண்ணுக்கும் ஒத்துவரும். மழைக்கு முன்பே ஒரு சாண் அகலம், அரைச்சாண் ஆழத்தில் குழி எடுத்து, ஒரு பிடி மட்கிய சாணி போடுங்கள். அதைத் தேடிக் கறையான் வரும், மருந்தடித்துவிடாதீர்கள். அது துளைத்த வழியில்தான் மழைநீர் உள்ளே இறங்கும். ஆடி மழை கிடைத்ததும் குழியில் கம்பு விதையுங்கள். பக்கத்திலேயே குழியில்லாமலும் ஒரு வரிசை விதைத்தால் பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். தப்புச் செய்தவனைத் தண்டனையாக மண்வெட்டி எடுக்க அனுப்பக் கூடாது. எங்கே வெட்டுவது, விளைந்ததை என்ன செய்வது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும், கணக்கையும் அவர்களே எழுதட்டும். வீட்டில் பேசுகிற தமிழில் எழுதினால் சிவப்பு மை வேண்டாம்.